நாலாம் நம்பர் அறைக்கு ஏழு சீட்டு

ஃபைல்தானே? தருகிறேன். அதற்குள் எழுந்துவிடாதீர்கள். லிஃப்ட் வேலை செய்யாமல் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறீர்கள், ஒரு வாய் காபியாவது குடித்துவிட்டுப் போங்கள். காபி சுமாராகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முன்னெல்லாம் இந்த வீட்டில் காபி நன்றாக இருந்தது. அந்தக் கதையும் இதில்தான் வருகிறது.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம் என்கிறீர்கள், இப்போதே முகம் இப்படி வெளுத்துக் கிடக்கிறது. கல்யாணம், கல்யாணம் என்று அதை மொத்தமாக நினைத்தால் அப்படித்தான். மலையாகத் தெரியும். மொத்தமாக எதையும் நினைக்கக் கூடாது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது கான்வென்டில் சிஸ்டர் பெர்னடெத். ஒருமுறை பிஷப் வருகிறார் என்று பெரிய மேஜைவிரிப்பு ஒன்று தைக்க வேண்டியிருந்தது. முப்பது பெண்கள், முப்பது சதுரத் துணி. ஆளுக்கு ஒரு சதுரம். முழுப் படம் என்னவென்று சிஸ்டரைத் தவிர ஒருத்திக்கும் தெரியாது. நான் மூன்று நாள் வெறும் பச்சை நூலால் கோடு கோடாகத் தைத்தேன். "சிஸ்டர், இது இலையா, பாம்பா?" என்று கேட்டதற்கு முட்டியில் ஸ்கேலால் ஒரு போடு போட்டார். "உன் சதுரத்தைப் பார்" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கு வரை நான் அதை மறக்கவில்லை.

என் மகள் தாரிணி கல்யாணத்துக்கு நூற்று நாற்பது சீட்டு எழுதினேன். நீங்கள் கேட்கிற ஃபைலில் இருப்பது அதன் நகல்தான். ஒரு சீட்டுக்கு ஒரு வேலை, ஒரு ஆள், ஒரு நேரம். மூன்றும் இல்லாமல் ஒரு சீட்டுகூடக் கிடையாது. "விருந்தினரைக் கவனிக்கவும்" என்றெல்லாம் எழுதினால் ஒருத்தனும் கவனிக்க மாட்டான். "ஆறு பத்துக்கு வாசலில் நின்று பன்னீர் தெளிக்கவும், ஆறு ஐம்பதுக்குச் சொம்பை ராஜிச் சித்தியிடம் கொடுக்கவும்." இப்படி எழுத வேண்டும். வண்ணார்பேட்டையில் மண்டபம். எண்ணூறு பேர் வந்தார்கள். சாம்பாரில் உப்பு கூடவில்லை, ஒரு குழந்தை தொலையவில்லை, ஒரு மாமா கோபித்துக்கொண்டு போகவில்லை. எங்கள் பிள்ளைமார் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு மாமாவும் கோபித்துக்கொள்ளாமல் பந்தி முடிவது என்றால் சும்மாவா?

ஆனால் பேச்சு எதைப் பற்றி? அந்த நாலாம் நம்பர் அறையைப் பற்றி. நூற்று நாற்பதில் ஏழு சீட்டு. மீதி நூற்று முப்பத்து மூன்றை ஒருத்தரும் பேசுவதில்லை. நீங்களும் கேள்விப்பட்டுத்தான் வந்திருப்பீர்கள். இல்லையா? பரவாயில்லை, கேள்விப்பட்டவர்களும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

சொல்கிறேன், கேளுங்கள். நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இவருக்கு, எங்கள் வீட்டுக்காரருக்கு, ஒரு தங்கை. ஆவுடை என்று பெயர். கல்யாணமாகி ஆறே வருஷத்தில் புருஷன் மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளையில்லை. தாரிணிக்கு நாலு வயசு அப்போது. ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான், இருபத்து மூன்று வருஷம் இங்கேயே இருந்தாள். நான் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. சொல்வதற்கு இடம் கொடுக்க மாட்டாள் என்பது வேறு விஷயம். காலையில் நான் எழுந்து வருவதற்குள் சமையல் முடிந்து, துணி காய்ந்து, பிள்ளை தலை பின்னி ஸ்கூலுக்குப் போயிருக்கும். நான் இந்த வீட்டை நடத்தியது எப்படி என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் பிளான். யார் என்ன செய்வது என்று முதல் நாளே தீர்மானித்துவிடுவேன். தீர்மானிப்பது நான், செய்வது அவள்.

தாரிணி அவளிடம் ஒட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளைதானே, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களிடம் ஒட்டும். அம்மை போட்டபோது பதினெட்டு நாள் அவள்தான் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சின்ன வயசில் அம்மை வந்ததில்லை, தொற்றிக்கொண்டால் வீட்டை யார் பார்ப்பது? நான் கதவுக்கு வெளியே நின்று பிளான் போட்டுக் கொடுத்தேன். பெரிய மனுஷி ஆனதும் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது அத்தையிடம். எனக்கு மறுநாள்தான் தெரியும். அதெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

கல்யாணம் நிச்சயமான அன்றைக்கு இந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? எல்லார் முன்னாலும் இல்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, தாலி கட்டும்போது அத்தை என் பக்கத்துல நிக்கணும்."

"நிக்கட்டுமே, யார் வேண்டாம்னா?"

"பக்கத்துலம்மா. பின்னால இல்ல, தூணுக்கு அந்தப் பக்கம் இல்ல. அத்தையைப் பாக்காம நான் தலை குனிய மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரி தாயே" என்றேன். நான் படித்தவள். விதவை, சுமங்கலி என்று பார்க்கிற ஆள் இல்லை நான். கான்வென்டில் இதையெல்லாம் யார் பார்த்தது? சிஸ்டர்களுக்குப் புருஷனா இருந்தான்?

ஆனால் சம்பந்தியம்மா பார்க்கிறவள். வாயைத் திறந்து சொல்லவில்லை. மண்டபம் பார்க்கப் போனபோது மணவறையைப் பார்த்துக்கொண்டே, "உங்க வீட்டு ஆளுங்க யாரெல்லாம் மேல நிப்பாங்க? எங்க பக்கத்துல பெரியவங்க கொஞ்சம் பாப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா, நீங்க படிச்சவங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். "ஓ, ஷ்யூர்" என்றேன்.

இப்போது சொல்லுங்கள். ஒரு பக்கம் மகளிடம் சரி என்றாயிற்று, இன்னொரு பக்கம் சம்பந்தியிடம் சரி என்றாயிற்று. உங்களுக்கு என்றால் ராத்தூக்கம் போயிருக்கும். ஆவுடையைக் கூப்பிட்டு, "நீ மேலே வராதே" என்று சொல்ல முடியுமா? முடியாது. எவ்வளவு பெரிய பேச்சு அது! இவர் காதில் விழுந்தால் இவர் முகம் தொங்கிவிடும். தாரிணி காதில் விழுந்தால் கல்யாணமே நிற்கும். மொத்தமாகப் பார்த்தால் செய்யவே முடியாத காரியம்.

அதனால் மொத்தமாகப் பார்க்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நிமிஷம். ஏழு சீட்டில் முடிந்துவிட்டது.

என் அக்கா மகன் கதிரேசன், பேங்கில் இருக்கிறானே, அவனுக்கு ஒன்று: முந்தின நாள் சாயங்காலம் சீர்த் தட்டுகளை நாலாம் நம்பர் அறையில் வைக்கவும். நாலாம் நம்பர் அறை எங்கே இருக்கிறது என்றால், சமையல்கட்டுக்குப் பின்னால், கடைசி. அங்கே நின்று பார்த்தால் மணவறையின் பின்பக்கத் திரைகூடத் தெரியாது. என் தங்கை மகள் பிரதீபாவுக்கு ஒன்று: அதிகாலை ஐந்தரைக்கு நாலாம் நம்பர் அறையில் நாலு இட்லி, ஒரு ஃபிளாஸ்க் காபி, ஒரு சொம்புத் தண்ணீர். பார்த்துக்கொள்ளுங்கள், பட்டினி போடுகிற ஆள் இல்லை நான். என் தங்கைக்கு ஒன்று: ஆறு மணிக்குமேல் மணப்பெண் அறைக்குள் அலங்காரம் செய்கிற பெண்ணைத் தவிர யாரையும் விடாதே. இவருக்கு ஒன்று: ஆறு இருபதுக்கு ஆவுடையை நாலாம் நம்பர் அறைக்குக் கூட்டிப்போய், தட்டுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். திரும்பவும் பிரதீபாவுக்கு: ஆறு முப்பதுக்கு நாலாம் நம்பர் அறையை வெளியே பூட்டிச் சாவியைக் கதிரேசனிடம் கொடுக்கவும். கதிரேசனுக்கு: ஆறு முப்பத்தைந்துக்கு ஜங்ஷனுக்குக் கிளம்பி, ஏழு பத்து வண்டியில் வருகிற காசி மாமாவைக் கூட்டிவரவும். ஏழாவது திரும்பவும் என் தங்கைக்கு: தாரிணி அத்தையைக் கேட்டால், 'வந்துக்கிட்டு இருக்கா' என்று சொல்லவும்.

எங்கேயாவது தப்பு இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பாருங்கள். தட்டை வைப்பது தப்பா? இட்லி வைப்பது தப்பா? நகையும் பட்டும் இருக்கிற அறையைப் பூட்டாமல் திறந்தா போடுவார்கள்? உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பிரதீபாவின் சீட்டில் நான் எழுதவில்லைதான். எழுதியிருந்தால் கேள்வி கேட்பாள். அந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம். கேள்வி கேட்க வைக்கிற சீட்டு நல்ல சீட்டே இல்லை.

ஒன்றே ஒன்றுதான் நானே செய்தேன். ஆவுடையின் செல்போனை முந்தின நாள் வாங்கி, "சார்ஜ் போட்டுத் தாரேன்" என்று என் பைக்குள் போட்டுக்கொண்டேன். சில வேலைகளை மற்றவர்களிடம் கொடுக்க முடியாது.

காலையில் அவள் குளித்துவிட்டு, தாரிணி வாங்கிக் கொடுத்த வெளிர்மஞ்சள் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்தப் புடவையைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. இருபத்து மூன்று வருஷமாக சாம்பலும் பழுப்புமாகக் கட்டியவள். பின் குத்தக்கூடத் தெரியவில்லை, ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. எண்ணூறு பேரில் முதலில் கண்ணில் படுவது இவளாகத்தான் இருக்கும். என் பிளான் எவ்வளவு சரி என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

"மதினி" என்றாள். "அண்ணாச்சி தட்டுகிட்ட இருக்கச் சொல்லுதாங்க. இருக்கேன். திருப்பூட்டு நேரத்துக்கு மட்டும் வந்துட்டுப் போயிரட்டா? தாரிணி மேல வரச் சொல்லிருக்கா. எனக்கு மேலெல்லாம் வேண்டாம் மதினி. ஓரமா அந்தத் தூணு பக்கத்துல நின்னுக்கிடுதேன். தாலி கட்டுறத ஒரு எட்டு பாத்துட்டு ஓடி வந்துருவேன்."

எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதைத் திருப்பூட்டு என்பார்கள்.

"ஆள் அனுப்புதேன், வந்து கூப்பிடுவா" என்றேன். "நீ உள்ள போ, தட்டு அப்படியே கெடக்கு."

"மறந்துராதீங்க மதினி."

"நான் எதையாவது மறந்து நீ பாத்திருக்கியா?"

சிரித்தாள். அண்ணன் பின்னாலேயே போனாள். இவர் அவளை அறையில் விட்டுவிட்டு வந்து, சீட்டில் டிக் அடித்துக் காட்டினார். பேங்க் மேனேஜராக ரிட்டையர் ஆனவர், டிக் அடிப்பதென்றால் அவருக்கு ஒரு சந்தோஷம்.

ஏழரைக்கு முகூர்த்தம். தாரிணி மணவறைக்கு வந்து உட்கார்ந்ததுமே தேட ஆரம்பித்துவிட்டாள். மணப்பெண் மாதிரியா இருந்தாள்? பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் தொலைத்தவள் மாதிரி நாலு பக்கமும் பார்க்கிறாள். வீடியோக்காரன் "இங்க பாருங்க மேடம், இங்க பாருங்க மேடம்" என்று கத்திக்கொண்டே இருக்கிறான். என் தங்கை ஏழாவது சீட்டுப்படி, "வந்துக்கிட்டு இருக்காம்மா" என்றாள். ரெண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை அவளுக்கே குரல் இறங்கிவிட்டது. அவளுக்கு எப்போதுமே தைரியம் போதாது, ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தினவள்.

ஓதுவார் பாடி முடித்துவிட்டார். தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வந்தாயிற்று. மாப்பிள்ளை கையில் எடுத்துவிட்டார். இவள் தலையை நிமிர்த்தியே வைத்திருக்கிறாள். சம்பந்தியம்மா என்னைப் பார்க்கிறாள். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

"அம்மா, அத்தை எங்க?"

இதற்குச் சீட்டு கிடையாது. இதை நான் எதிர்பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு மூளை வேகமாக வேலை செய்யும். குனிந்து அவள் காதில் சொன்னேன்.

"அந்தத் தூணு பக்கத்துல நிக்காடி. மேல வர மாட்டேன்னுட்டா, கூச்சப்படுதா. உன்னையே பாத்துக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கா. திரும்பாத, மாலை நழுவிரும்."

நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன? ஆவுடை அப்படித்தான் நிற்பாள் என்று அவளுக்குத் தெரியாதா? கண்ணில் தண்ணீர் வந்தது, சிரித்தாள், தலையைக் குனிந்தாள். கெட்டிமேளம். அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது போட்டோவில். பார்க்கிறீர்களா? அப்புறம் காட்டுகிறேன்.

என்னைக் கேட்டால் கதை அங்கேயே முடிந்தது. கல்யாணம் நடந்தது. யார் மனசும் நோகவில்லை. ஆவுடையைப் பிறகு மெதுவாக வெளியே கொண்டுவந்து, "ஆள் அனுப்பினேனே, வரலையா?" என்று கேட்டிருந்தால் ஆயிற்று. அவள் என்ன கேள்வியா கேட்கப்போகிறாள்?

சாவிதான் கழுத்தை அறுத்தது. கதிரேசன் காசி மாமாவைக் கூட்டிக்கொண்டு எட்டேகாலுக்கு வந்தான். வந்தவன் சாவியை என்னிடம் தர வேண்டுமா இல்லையா? சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே பந்திக்குப் போய்விட்டான். கேட்டால், "சாவியத் திருப்பிக் குடுக்கணும்னு சீட்டுல இல்லையே சித்தி" என்கிறான். இல்லைதான். அது என் தப்பு. நான் ஒப்புக்கொள்கிற ஒரே தப்பு அது. நீங்கள் எழுதும்போது பார்த்துக்கொள்ளுங்கள், எடுக்கிற வேலைக்கு ஒரு சீட்டு என்றால் வைக்கிற வேலைக்கும் ஒரு சீட்டு.

ஒன்பது மணிக்குச் சம்பந்தியம்மா சீர்த் தட்டுகளை எடுத்துச் சபையில் வைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். கூடவே அவர்கள் வீட்டுப் பெண்கள் நாலு பேர். நான் முன்னால் ஓடுகிறேன். அந்த நேரம் பார்த்து, பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்து முடித்துவிட்டு வருகிறார்கள். தாரிணி மாலையும் கழுத்துமாக ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டே வருகிறாள். "அத்தை காலுல இன்னும் விழலம்மா. எங்க போய்ட்டா?" என்று என் பின்னாலேயே வருகிறாள். கதிரேசனைப் பந்தியிலிருந்து எழுப்பி, எச்சில் கையோடு சாவியை வாங்கித் திறந்தேன்.

கதவைத் திறந்தால், உள்ளே ஆவுடை.

தரையில் உட்கார்ந்திருக்கிறாள். இட்லியைத் தொடவில்லை. தாலி கட்டும்வரை விரதமாம், யார் அவளை இருக்கச் சொன்னது? வலது கை முழுக்க மஞ்சள். கதவின் உள்பக்கம், நிலைப்படி, தரை, எல்லா இடத்திலும் மஞ்சள் அரிசி சிதறிக் கிடக்கிறது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தட்டைப் பார்த்தேன். பச்சரிசித் தட்டில் கோபுரம் மாதிரி குவித்து வைத்திருந்ததில் ஒரு கைப்பள்ளம். பக்கத்துத் தட்டு மஞ்சள்பொடியில் விரல் பட்ட தடம். கெட்டிமேளம் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறது. உள்ளே இருந்தபடியே அரிசியை எடுத்து, ஃபிளாஸ்க் மூடியில் தண்ணீர் விட்டு மஞ்சளைக் குழைத்து, அட்சதை பண்ணி, சத்தம் வந்த பக்கம் பார்த்துக் கதவின் மேலே போட்டிருக்கிறாள்.

என் வாயில் வந்தது இதுதான். "அடிப்பாவி, சீர்த் தட்டுல கைய வெச்சிட்டியா?"

அதற்கு அவள் எழுந்து நின்று, மஞ்சள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா மதினி?" என்றாள். "கதவு என்னமோ மாட்டிக்கிட்டு. தட்டலாம்னு பாத்தேன். நல்ல காரியம் நடக்கையில சத்தம் போடக்கூடாதுல்லா."

கவனித்தீர்களா? அவளே குறை சொல்லவில்லை. கதவு மாட்டிக்கொண்டது என்றாள். பாதிக்கப்பட்டவளே சும்மா இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன?

சம்பந்தியம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அந்த அரிசிய மாத்திக் கொண்டாங்க" என்றாள். நான் உடனே ஒருத்தியை அரிசிக்கு, ஒருத்தியைத் தட்டைக் கழுவ, ஒருத்தியைப் புது மஞ்சளுக்கு என்று பிரித்துவிட்டுக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் என் மகள் தரையில் மண்டி போட்டுக்கொண்டு அந்த அரிசியைப் பொறுக்குகிறாள். கூறைப் பட்டு, கழுத்தில் மாலை, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து போட்ட தலையலங்காரம். தூசியும் அரிசியுமாக உள்ளங்கையில் சேர்த்து, அப்படியே ஆவுடை கையில் கொடுத்துத் தலையைக் குனிகிறாள்.

"இப்பப் போடு அத்தை."

அவள் மாட்டேன் என்று பின்னால் போகிறாள். சம்பந்தியம்மாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். மாப்பிள்ளை இருக்கிறாரே, அது ஒரு தனிப் பிறவி. தன் அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல், பெண்டாட்டிக்குப் பக்கத்தில் போய் அவரும் தலையைக் குனிந்துவிட்டார். "எனக்கும்" என்கிறார்.

போட்டுவிட்டாள். ரெண்டு பேர் தலையிலும்.

அதோடு விட்டிருக்கலாம். இவள் எழுந்து, "அப்பா, உங்க சீட்டைத் தாங்க" என்றாள். இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரதீபாவிடம் வாங்கினாள். கதிரேசனிடம் வாங்கினாள். என் தங்கை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவளே அவிழ்த்துக் கொடுத்தாள். அந்த அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்து நேரப்படி வரிசையாக வைத்தாள் தாரிணி. ஏழு சீட்டு. தட்டு, இட்லி, யாரையும் விடாத அலங்கார அறை, அத்தையைக் கூட்டிப்போவது, பூட்டு, ஜங்ஷன், 'வந்துக்கிட்டு இருக்கா.'

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். ஒரு தடவை படித்தார். பிறகு தன் சீட்டை மட்டும் எடுத்து, தான் போட்ட டிக்கைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பால்பாயிண்ட் பேனா, தேய்த்தால் போகுமா?

"தூணு பக்கத்துல நிக்கான்னு சொன்னியேம்மா" என்றாள் தாரிணி. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா இல்லையா? அதப் பாரு" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற காரில் ஆவுடையை ஏற்றிக்கொண்டாள். வழக்கமாகப் பொண்ணுகூடத் துணைக்கு ஒரு ஆள் போவதுதானே, ரெண்டு நாளில் அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். ஏழெட்டு மாசமாயிற்று. பெங்களூரில் மூணு பேருமாக இருக்கிறார்கள். சம்பந்தியம்மாவையும் சேர்த்து நாலு பேர் என்று இப்போது கேள்வி. முட்டிவலி என்று போனவளுக்கு ஆவுடைதான் எண்ணெய் தேய்க்கிறாளாம். வேலைக்கு ஆள் கிடைத்தால் சாஸ்திரமெல்லாம் எங்கே போகிறது பாருங்கள்!

இங்கே நான் படுகிற பாடு? சமையலுக்கு ஒருத்தி, பாத்திரத்துக்கு ஒருத்தி, துணிக்கு ஒருத்தி. மூன்று பேரும் சேர்ந்து அவள் ஒருத்தி செய்ததில் பாதி செய்வதில்லை. காபியைத்தான் குடித்தீர்களே. இவர் பேசுவதில்லை. சண்டையெல்லாம் போடுவதில்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான். 'பால் பாக்கெட்', 'கரண்ட் பில்' என்று எழுதி டைனிங் டேபிளில் வைத்தால் செய்துவிடுவார். டிக் மட்டும் அடிப்பதில்லை இப்போதெல்லாம்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மகளைத் திரும்ப வரவழைப்பது என்பதும் ஒரு வேலைதான், அதையும் பிரித்திருக்கிறேன். பதினோரு படி. முதலாவது, தினம் காலையில் ஒரு குட்மார்னிங் மெசேஜ். செய்கிறேன். ரெண்டாவது, அவள் போடுகிற போட்டோக்களுக்கு எல்லாம் ஒரு பூ போடுவது. செய்கிறேன். எல்லாப் போட்டோவிலும் அந்தப் பாவி மஞ்சள் புடவையோடு ஓரத்தில் நிற்கிறாள், அதற்கும் போடுகிறேன். மூன்றாவது, முறுக்கு பார்சல். அங்கேதான் நிற்கிறது. நாலு தடவை திரும்பி வந்துவிட்டது, வாங்க மறுத்தார்கள் என்று எழுதி.

என்ன சொன்னீர்கள்? மன்னிப்பா?

ஒரு வார்த்தைதானே என்கிறீர்கள். எனக்கும் தோன்றாமல் இல்லை. சொல்லாமல் என்ன, அதற்கும் ஒரு சீட்டு எழுதினேன். வேலை: தாரிணிக்குப் போன் செய்து, அம்மா மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொல்லவும். நேரம்: ஞாயிறு காலை பத்து. ஆள் என்ற இடத்தில் இவர் பெயர். டேபிளில் வைத்தேன். படித்துவிட்டு எழுந்து வந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். கல்யாணத்தில் நூற்று நாற்பது சீட்டு கொடுத்தேன், ஒருத்தர் திருப்பித் தந்ததில்லை. என் தங்கைக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. பிரதீபா, "பெரியம்மா, இது உங்க சீட்டு" என்று ஒரு வரி அனுப்புகிறாள். கேட்டீர்களா, வாயை? யாருக்கும் டிசிப்ளின் இல்லாமல் போய்விட்டது.

நானே செய்யலாம்தான். போனை எடுக்கிறேன். பெயரைப் பார்க்கிறேன். அவள் "அம்மா" என்று சொன்னால் அடுத்து என்ன? "ஏன் செய்த?" என்று கேட்டால்? அதற்கு அடுத்தது? ஒரு முனை கிடைக்க வேண்டாமா, பிடித்துக்கொண்டு ஆரம்பிக்க? எந்தப் பக்கம் வெட்டினாலும் மொத்தமாக என் மேலேயே வந்து விழுகிறது.

அட, கிளம்பிவிட்டீர்களா? ஃபைல்? வேண்டாமா? இவ்வளவு நேரம் அதற்காகத்தானே உட்கார்ந்திருந்தீர்கள்! சரி, உங்கள் இஷ்டம். மொத்தமாகத் தலையில் தூக்கிக்கொண்டு திண்டாடுங்கள்.

ஒரு நிமிஷம். அடுத்த வாரம் பெங்களூருக்குப் பத்திரிகை வைக்கப் போகிறீர்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். ஜெயநகர் பக்கமா? அப்படியென்றால் தாரிணி வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இந்தாருங்கள், இந்தச் சீட்டு. ஆள் என்ற இடத்தை அடித்துவிட்டேன், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். வாசலில் நின்று சொன்னால் போதும், உள்ளேகூடப் போக வேண்டாம். ஒரு வரிதான். உங்களுக்கு அரை நிமிஷ வேலை.